தரம் குறைந்த விரல்

ஒரு கோப்பில் ஒரு வரி. அந்த வரியின் கடைசியில் ஓர் எண். நான்கு என்று எழுதுவதா, ஐந்து என்று எழுதுவதா என்பதுதான் கேள்வி. இதற்காக ஒருத்தி தை மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நான் சாப்பிடவில்லை.

சிதம்பரம் தெற்கு வீதியில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். சின்ன கம்பெனிதான். கடைகளுக்கும் ஆலைகளுக்கும் பள்ளிகளுக்கும் மென்பொருள் எழுதித் தருகிறோம். எழுதித் தருகிறோம் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. எல்லாவற்றையும் நாங்களே எழுதுவதில்லை. ரேகை படிப்பது, படம் காட்டுவது, ரசீது அச்சிடுவது என்று ஒவ்வொன்றுக்கும் உலகத்தில் வேறு யாரோ ஏற்கெனவே எழுதிவைத்திருப்பார்கள். அதற்கு லைப்ரரி என்று பெயர். அதை எடுத்து எங்களுடையதோடு சேர்த்துக்கொள்வோம். அதை எழுதியவர்கள் வருடத்துக்கு வருடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வெர்ஷன் எண் தருவார்கள். எந்த எண்ணை நம்பி நம் கட்டடத்தை எழுப்புவது என்று ஒருவர் முடிவுசெய்து அந்த ஒரு வரியில் எழுத வேண்டும். பிறகு எல்லாமே அதன் மேல்தான் நிற்கும்.

எங்கள் அலுவலகத்தில் அந்த வரியை எழுதுகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. கொஞ்சம் அடக்கமாக இரு என்று எனக்குச் சொன்னவர்கள் எல்லோரும் மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டுக்காரர்கள்.

என்னைப் படிக்க வைத்தது முந்திரிக்கொட்டை. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். எங்கள் ஊர் வடலூருக்குப் பக்கம். கடலூர் போகும் சாலையில், குறிஞ்சிப்பாடி தாண்டி இருக்கும் ஒரு முந்திரி கம்பெனியில் அம்மா கொட்டை உடைக்கிறாள். வேகவைத்த கொட்டையைக் கத்திக்கு நடுவில் வைத்துக் காலால் மிதித்தால் அது இரண்டாகப் பிளக்கும். தோலுக்குள் இருக்கும் எண்ணெய் தெறிக்கும். பட்ட இடம் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும், பிறகு உரியும். கையுறை கொடுத்துப் பார்த்தார்கள். கொட்டை வழுக்குகிறது, கை நிற்காமல் ஓடவில்லை என்று பெண்கள் கழற்றி வைத்துவிட்டார்கள். விளக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டு உட்காருவதுதான் அங்கே வழக்கம்.

சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டது பக்கத்து வீட்டு அத்தை. அம்மாவின் விரல் வெடிப்புகளில் முடி சிக்கிக்கொள்ளும். உப்பும் காரமும் பட்டால் எரியும் என்பதால் அம்மா சோற்றை ஸ்பூனால் சாப்பிடுவாள். எங்கள் தெருவில் ஸ்பூனால் சாப்பிட்ட ஒரே ஆள் அவள். "தொரசானி சாப்புட ஒக்காந்துட்டாடி" என்று தெருவில் கேலி செய்வார்கள். அம்மாவும் ஸ்பூனைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள்.

அந்தக் கம்பெனியின் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. கேட்டில் ஒரு டேப்லெட், அதோடு ரேகை படிக்கும் கருவி. காலையில் வரும் பெண்கள் விரல் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். எங்கள் முதலாளியை நாங்கள் சார் என்போம். அவர் விஷயத்தைச் சொன்னதுமே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நான் சொன்னேன்.

"சார், அது எங்கம்மா வேல செய்யற கம்பெனி."

"அட, அப்ப நல்லதாப் போச்சு. நீயே எடுத்துப் பண்ணு."

அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது யோசித்தாலும் மறைத்திருக்கமாட்டேன். ஆனால் அந்த வாக்கியம் பிறகு என்னிடம் எப்படித் திரும்பி வந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

டேப்லெட்டில் குரலும் வேண்டும் என்றார்கள். எழுத்து படிக்கத் தெரியாத பெண்கள் நிறைய. விரல் ஒத்துப்போனால் "வருகை பதிவானது" என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் "விரலை மீண்டும் வைக்கவும்" என்று சொல்ல வேண்டும். யார் குரலில் பதிவது என்று சார் கேட்டபோது நான் முந்திக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, இரண்டு வாக்கியங்களையும் தெளிவாகச் சொல்லிப் பதிந்தேன். காலையில் அம்மா கேட்டில் நிற்கும்போது என் குரல் அவளை உள்ளே அனுப்பும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோருடைய இரண்டு கை ரேகையையும் முதலில் ஒருமுறை எடுத்துச் சேமிக்க வேண்டும். பொங்கலுக்காக மூடியிருந்த கம்பெனி திறக்கிற அன்றே அதை வைத்துக்கொள்ளலாம், அன்றைக்குத்தான் வேலை இருக்காது என்று சார் முடிவுசெய்தார். நான் வேண்டாம் என்றேன்.

"சார், லீவு முடிஞ்சி வர்ற கை அது. உடைச்சி உடைச்சி வெந்த கையிலதான் எடுத்துப் பாக்கணும்."

"ஏம்மா, விரல் விரல்தானே? பொங்கல் சாப்பிட்டா மாறிடுமா?"

"மாறும் சார்."

என் பக்கத்து இருக்கையில் வேலை செய்கிற அண்ணன் சிரித்தார். சிதம்பரத்துக்காரர், கேலி இல்லாமல் அவருக்கு ஒரு மணிநேரம் கழியாது. "தங்கச்சி, உங்க ஊருல வெரலுக்கும் வெர்ஷன் உண்டா?" என்றார். நானும் சிரித்துவிட்டேன். அது அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பதிவு எடுத்த நாள் திருவிழா மாதிரிதான் இருந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். புதுப் புடவைகளில் மடிப்பு கலையாத நாள். பாதிப் பேர் விரல் நுனியில் மருதாணி.

"எந்த வெரல வைக்கணும்?"

"மோதர வெரல வையேன்."

"மோதரம்தான் இல்லியே, வெரலாவது இருக்கட்டும்."

அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதோ, எம் பொண்ணுதான் மிசினுக்கு எழுதுனது" என்றாள்.

"மிசின எழுதுவாங்களாடி? செய்வாங்கன்னுதான கேட்டிருக்கோம்."

"எழுதுவாங்க. உனுக்கு என்னா தெரியும்" என்றாள் அம்மா. அவளுக்கும் தெரியாது.

பிறகு விரலை வைத்தாள். பத்து நாள் ஓய்வில் தோல் கொஞ்சம் ஏறியிருந்தது. என் குரல் அவளை ஏற்றுக்கொண்டது. வரிசை முழுக்க, "அட, அது கொரலுதான்டி!" என்று கூச்சல். அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். படித்ததற்கு இது போதும் என்று அன்று தோன்றியது.

ரேகை படிக்கும் லைப்ரரியின் விவரக் குறிப்பை நான் படித்தது அதற்கு அடுத்த வாரம். அதுவரை எங்களிடம் இருந்தது நான்காவது வெர்ஷன். ஐந்தாவது வெளிவந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான்காவதில் எவ்வளவு கண்டிப்பாக ரேகையை ஒப்பிட வேண்டும் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். ஐந்தாவதில் அதைப் பூட்டிவிட்டார்கள். எங்கோ யாரோ போலி விரல் செய்து கதவைத் திறக்கிறார்கள் என்ற பயம். அதனால் தரம் குறைந்த விரல்கள் இனி ஏற்கப்படமாட்டா என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. மனதுக்குள் அதைத் தமிழாக்கிக்கொண்ட பிறகு என்னால் மேலே படிக்க முடியவில்லை. மங்கிய ரேகை என்று எழுதியிருக்கலாம். தெளிவற்ற பதிவு என்று எழுதியிருக்கலாம். விரலே தரம் குறைந்தது என்று எழுதியிருந்தார்கள்.

நான்காவதிலேயே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். நான்காவதை எழுதியவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அதில் ஓட்டை கண்டுபிடித்தால் இனி அடைக்கமாட்டார்கள். கம்பெனி வாங்கியிருந்த புது டேப்லெட்டில் அது ஓட வேண்டுமானால் மற்ற லைப்ரரிகளையும் பழைய எண்ணிலேயே கட்டிப்போட வேண்டும். ஒன்றின் கழுத்துக் கயிறு இன்னொன்றின் காலில் இருக்கும். ஆனாலும் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகக் கட்டினேன். எல்லாவற்றையும் சேர்த்து ஓடுகிற ஒரே மென்பொருளாக ஆக்குவதை பில்ட் என்போம்; நான்காவதோடு ஒன்று, ஐந்தாவதோடு ஒன்று என்று இரண்டு பில்ட் செய்தேன். இரண்டும் ஓடின.

"பழைய வெர்ஷன் பழைய மாமியா மாதிரி தங்கச்சி" என்றார் அண்ணன். "எங்க திட்டும், எங்க திட்டாதுன்னு தெரியும். புதுசு வந்து சிரிச்சிக்கினே கழுத்த அறுக்கும்."

கம்பெனியில் வைத்து இரண்டையும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவானது. தைப்பூசம் முடிந்த மறுநாள். அதற்குள் பெண்கள் இரண்டு வாரத்துக்கு மேல் கொட்டை உடைத்திருந்தார்கள். பூசத்துக்கு முந்தைய நாளே வடலூர்ப் பக்கம் பஸ் எல்லாம் நிரம்பி வழிய, சேத்தியாத்தோப்பிலேயே இறங்கி வேறு வண்டி மாறி நான் வீடு வந்தேன். அம்மா வாசலில் கருங்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் செங்கல் தூள், புளி, தேங்காய் நார்.

"என்னம்மா பண்ற?"

கையை நீட்டிக் காட்டினாள். விரல்களில் இருந்த கறுப்பு போயிருந்தது. அதோடு தோலும் போயிருந்தது. ஐந்து விரல் நுனிகளும் வழவழப்பாக, இளஞ்சிவப்பாக, உரித்த கிழங்கு போல இருந்தன.

"நாளான்னிக்கி உங்க சாரு வராருல்ல. கரியும் எண்ணெயுமா கைய நீட்டினா உனுக்குத்தான அசிங்கம். தேய்ச்சி தேய்ச்சி எடுத்துட்டேன் பாரு. எரியுது, ஆனா சுத்தமா இருக்குது."

அந்த விரலில் மிச்சம் இருந்த ஒன்றிரண்டு கோடுகளையும் அவள் எனக்காகத் தேய்த்து எடுத்திருந்தாள். உள்ளே போய் விளக்கெண்ணெய் எடுத்து வந்து தடவிவிட்டேன்.

சோதனை காலையில் நடந்தது. முதலில் ஐந்தாவது வெர்ஷன். பாதிப் பெண்கள் உள்ளே போனார்கள். கொட்டையை வேகவைக்கிற இடத்திலும் பருப்பைத் தரம் பிரிக்கிற இடத்திலும் வேலை செய்கிறவர்கள் அவர்கள். உடைக்கிறவர்களில் பெரும்பாலோரை அது ஏற்கவில்லை. அம்மா வைத்தாள். "விரலை மீண்டும் வைக்கவும்." துடைத்துவிட்டு வைத்தாள். "விரலை மீண்டும் வைக்கவும்." வேறு விரல். "விரலை மீண்டும் வைக்கவும்." அலுவலகத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவ்வளவு தெளிவாக, அவ்வளவு மரியாதையாக நான் சொன்ன வாக்கியம் அது.

"எக்கா, உம் பொண்ணே உன்ன உள்ள வுட மாட்டங்குது பாரு" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. வரிசை சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். நான் குரலை அணைத்துவிட்டேன்.

வெந்த கையிலேயே புதிதாகப் பதிவு எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது வெர்ஷன் அதையும் எடுக்க மறுத்தது. பதிய அதற்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பிறகு நான்காவது. கண்டிப்பைக் குறைத்தேன், இன்னும் குறைத்தேன். அம்மா விரலை வைத்ததும் பச்சை விளக்கு. எனக்கு உயிர் வந்தது. கம்பெனி மேனேஜர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இது யாரும்மா?"

திரையில் வேறொரு பெண்ணின் பெயரும் படமும் இருந்தன. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து உடைக்கிறவள். அன்று அவள் வேலைக்கே வரவில்லை. குமராட்சியில் அவளுடைய பெரியப்பா வீட்டில் சாவு.

"சாவு வூட்டுல ஒக்காந்து அழுதுகிட்டு இருக்கறவ இங்க வந்து வெரல வச்சிட்டாளாம்டி!"

"அப்ப ரெண்டு எடத்துலயும் இருக்கா. சித்து வேலயா இருக்கே."

"எனுக்கும் ஒண்ணு வச்சி வுடு பாப்பா, நான் வூட்லியே படுத்துக்கறன்."

எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. எங்கள் சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். நான்காவது வெர்ஷனில் அம்மா யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். ஐந்தாவதில் அவள் யாருமே இல்லை. அவளை அவளாகவே சொல்லுகிற வெர்ஷன் ஒன்று எங்கும் எழுதப்படவில்லை.

ஐந்தாவதை எழுதியவர்களுக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். முந்திரிக்கொட்டை எப்படி உடைக்கப்படுகிறது, எண்ணெய் எப்படிப் பட்டுத் தோலை எடுக்கிறது, கண்டிப்பைக் குறைக்கும் வசதியைத் திருப்பித் தர முடியுமா என்றெல்லாம். என் ஆங்கிலத்தில் பிழை இல்லை; மூன்றுமுறை படித்துத்தான் அனுப்பினேன். பதில் சீக்கிரமே வந்தது. நன்றி சொல்லியிருந்தார்கள். அது குறை இல்லை, அப்படித்தான் இயங்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த லைப்ரரியைத் திறந்து உள்ளே மாற்றவும் வழி இல்லை; மூடி அனுப்பிய டப்பா அது.

முடிவெடுக்கும் கூட்டம் கடலூர் முதுநகரில், முந்திரி கம்பெனிக்காரரின் வீட்டோடு சேர்ந்த அலுவலகத்தில். அவர், மேனேஜர், எங்கள் சார், நான். ஜன்னல் வழியாகத் துறைமுகத்துப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை வந்துகொண்டிருந்தது. நான் எல்லாவற்றையும் நன்றாகத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். எந்தப் பிரிவில் எத்தனை பேரை எந்த வெர்ஷன் ஏற்றது என்று படம் போட்டுக் காட்டினேன். உடைக்கும் பெண்களுக்கு மட்டும் அட்டை கொடுக்கலாம் என்றேன்.

"அட்டையா? ஒருத்தி நாலு பேரு அட்டைய எடுத்துக்கினு வருவா" என்றார் மேனேஜர்.

"முகத்தைப் படம் எடுக்கலாம்."

"அதுக்கு வேற மெஷின். இப்பதான் இத வாங்கியிருக்கேன்" என்றார் கம்பெனிக்காரர்.

"கேட்டுல நிக்கிற அண்ணனுக்கு எல்லாரையும் தெரியுமே சார். விரல் விழாதவங்களுக்கு அவரே குறிக்கட்டும்."

"அவனுக்கு எல்லாரையும் தெரியுதுன்னுதாம்மா மெஷினே வாங்குனேன்."

நான் விடவில்லை. இந்தக் கம்பெனியில் உடைக்கிற கைதான் முக்கியமான கை, அந்தக் கையை ஏற்காத கருவியை வைப்பதில் அர்த்தமில்லை என்றேன். அப்போது எங்கள் சார், பேச்சைச் சுமுகமாக முடித்துவைக்க நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இவங்க அம்மா உங்ககிட்டதான் கொட்ட உடைக்கறாங்க சார். அதான் கொஞ்சம் வேகமாப் பேசுது."

"அப்படியா!" என்றார் கம்பெனிக்காரர். அவர் முகம் உடனே கனிந்துவிட்டது. "அதானே பாத்தேன். அம்மாவுக்காகப் பொண்ணு பேசத்தான் செய்யும். நல்லது, நல்லது. டீ குடி."

அதோடு முடிந்தது. அதுவரை நான் சொன்னது என் படிப்பு. அதற்குப் பிறகு அது மனு. நான் போட்ட படம் மேசைமேல் இருந்தது. டீ டம்ளர் அதன் மேல் வைக்கப்பட்டது. என் வாழ்க்கையில் பெருமையாக நான் சத்தம் போட்டுச் சொன்ன ஒரே வாக்கியம், நான் சரியாகச் சொன்ன எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் என்னை இறக்கிவிடும்போது சார் காரின் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "நாலா அஞ்சா, நீயே முடிவு பண்ணும்மா. இவ்வளவு படிச்சிருக்கற. நீ எழுதறதுதான் கடைசி."

மறுநாள் பகலில் அந்த வரியின் முன்னால் உட்கார்ந்தேன். கீழே ஜவுளிக்கடையில் யாரோ புடவைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்கு என்று எழுதினால் அம்மா காலையில் உள்ளே போவாள். ஆனால் யாருடைய பெயரில் என்று தெரியாது. அவள் உடைத்த நாள் இன்னொருத்தி கணக்கில் ஏறும். இன்னொருத்தியின் நாள் எங்கோ காணாமல் போகும். சிரித்துக்கொண்டிருக்கிற அந்த வரிசை ஒரு மாதத்தில் ஒன்றையொன்று திருடி என்று கூப்பிடும். அம்மாவையும் கூப்பிடும். ஐந்து என்று எழுதினால் அது பொய் சொல்லாது. தெரியாது என்றுதான் சொல்லும்.

ஐந்து என்று எழுதினேன். பில்ட் ஓடியது. பிழை எதுவும் இல்லை என்று திரை சொன்னது.

விரல் விழாதவர்களைக் கம்பெனி வேலையை விட்டு அனுப்பவில்லை. அப்படி யாரும் சொல்லிவிட முடியாது. கூப்பிட்டால் வருகிற ஆட்கள் என்று தனியாக வைத்தார்கள். லோடு ஜாஸ்தியாக வரும் நாளில் போன் வரும். அப்போது பின்பக்கக் கேட் வழியாகப் போகலாம். அம்மாவுக்கு இரண்டுமுறை போன் வந்தது. பிறகு வரவில்லை. வேகமாக உடைக்கத் தெரியாத, ரேகை தேயாத இளம் பெண்களை வெளியூரிலிருந்து வேனில் கூட்டி வந்தார்கள்.

"வேலைய வுட்டுரும்மா, நான் சம்பாதிக்கறேன்ல" என்றேன்.

"நீ சம்பாதிக்கற. நான் காலையில எழுந்து எங்க போறது?" என்றாள் அம்மா. "அங்கன்னா நாலு பேச்சு இருக்கும். இங்க செவுத்தப் பாத்துக்கினு கெடக்கச் சொல்றியா?"

என் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் தாங்கவில்லை. மெஷினுக்குத் தன் விரல் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். அந்த வரியைப் பற்றி அவளிடம் இரண்டுமுறை விளக்கினேன். நான்கு, ஐந்து என்று நான் சொல்லச்சொல்ல அவள் தலையாட்டினாள். முடிவில், "சரி, நீ எது எழுதுனாலும் சரியாத்தான் எழுதியிருப்ப" என்றாள்.

பங்குனியும் முடியப்போனது. அம்மா வீட்டில்தான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேறு வேலைக்காக அலுவலகத்து டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதில் முந்திரி கம்பெனியின் பதிவுகளும் இருந்தன, ஐந்தாவது வெர்ஷனும் இருந்தது. ரேகைக் கருவி அம்மாவின் கண்ணில் பட்டது. அம்மா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். அப்போதுதான் கவனித்தேன்: அன்று அவள் ஸ்பூன் எடுக்கவில்லை. காரக்குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட்டிருந்தாள்.

"அத இங்க குடு, ஒரு வாட்டி வச்சிப் பாக்கறன்."

"வேணாம்மா."

"குடேன். என்னா கொறஞ்சி போவப் போவுது?"

முந்தானையில் கையைத் துடைத்து விரலை வைத்தாள். "வருகை பதிவானது" என்றது என் குரல். பச்சை விளக்கின் கீழே அவள் படம், அவள் பெயர்.

"பாத்தியா! எனுக்குத் தெரியும். வந்துடுச்சி பாரு!" இன்னொருமுறை வைத்தாள். மறுபடியும் வந்தது. மற்ற கை. அதுவும் வந்தது. பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு வந்து அவள் முன்னால் வைத்துக் காட்டினாள். நான் அவள் கையை வாங்கிப் பார்த்தேன். நுனிகளில் தோல் முழுதாக வளர்ந்திருந்தது. என் நினைவு தெரிந்து முதல்முறையாக அந்த விரல்களில் கோடுகளைத் தெளிவாகப் பார்த்தேன். மெல்லியதாக, சுழி சுழியாக, சின்னப் பிள்ளையின் கை மாதிரி. இரண்டு மாதம் வேலை இல்லாததால் வந்த கோடுகள்.

அன்று மாலையே மேனேஜருக்குப் போன் போட்டாள். விரல் விழுந்தால் வரலாம், யார் வேண்டாமென்றது என்றார் அவர்.

திங்கட்கிழமை காலை இருவரும் சேர்ந்தே கிளம்பினோம். அவள் தூக்கில் பழைய சோறும், சின்ன டப்பாவில் விளக்கெண்ணெயும் சாம்பலும் எடுத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் அவள் கடலூர்ப் பக்கம், நான் சிதம்பரம் பக்கம்.

"என்னா, ஒரு மாரியா இருக்க? எதனா சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்லம்மா. கையுறை போட்டுக்க."

"போட்டா வழுக்கும் பாப்பா" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள்.

புவனகிரி தாண்டும்போது போனில் கம்பெனியின் வருகைப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அம்மாவின் பெயருக்கு நேராகப் பச்சைப் புள்ளி. அந்நேரம் அவள் உட்கார்ந்து, காலை மிதியில் வைத்து, முதல் கொட்டையை எடுத்திருப்பாள். அந்தப் புள்ளி இன்னும் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். அவள் கை எவ்வளவு வேகமானது என்றும் தெரியும்.